புலிக்கால் முனிவர் பறிக்காத பூ

மொதல்ல ஒரு சின்ன க்விஸ். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் என்ன ஒற்றுமை?

"ரெண்டும் ஒரே மாவட்டம்" என்பவர்களுக்கு அரை மார்க். "வங்காள விரிகுடாவுல எந்தப் புயல் கிளம்பினாலும் ரெண்டு ஊர்லயும் கலக்கம்தான்" என்பவர்களுக்கு முக்கால் மார்க். முழு மார்க் வேணும்னா இதைச் சொல்லணும்: ரெண்டு ஊரோட பழைய பேரும் செடியிலிருந்து வந்தது. சிதம்பரம் தில்லை. தில்லை என்பது ஒரு மரம். கடலூரோட பழைய ஊர் திருப்பாதிரிப்புலியூர். பாதிரியும் ஒரு மரம். ரெண்டுக்கும் இன்னொரு பொதுவான பேரும் உண்டு, புலியூர். (சிதம்பரத்துக்குப் பெரும்பற்றப்புலியூர் என்று பேர்.)

அந்தப் புலி யாருன்னா, வியாக்கிரபாதர். தமிழ்ல புலிக்கால் முனிவர். பூஜைக்குப் பூப் பறிக்கணும், ஆனா வண்டு வந்து தொடறதுக்கு முன்னாடியே, விடியறதுக்குள்ள பறிக்கணும். மரம் ஏற வழுக்குது, இருட்டுல கண்ணு தெரியல. அதனால சாமிகிட்ட புலியோட காலும் கண்ணும் வரமா வாங்கிக்கிட்டார் என்பது புராணம். பூப் பறிக்கிறதுக்காகப் புலிக்கால் கேட்ட மனுஷன் பேர்ல ரெண்டு ஊர் இருக்குன்னா, அந்த ஊர்க்காரங்களுக்குப் பூ எவ்வளவு முக்கியம்னு பாத்துக்கோங்க.

இப்ப அந்த ரெண்டு ஊர்லயும் ஏதாவது ஒரு தெருவுல இறங்கி நடங்க. தில்லை மரம் கண்ணுல படுதா? தில்லையைப் பாக்கணும்னா ஊரை விட்டுக் கிளம்பி பிச்சாவரம் சதுப்புக் காட்டுக்குத்தான் போகணும். ஆனா வாசல்ல, மாடியில, உடைஞ்ச பிளாஸ்டிக் பக்கெட்டுல, கிணத்தடியில, எங்க பாத்தாலும் ஒரு பூ இருக்கும். மஞ்சளாவோ ஆரஞ்சாவோ, பந்து மாதிரி, கசக்கினா மூக்கைத் துளைக்கிற வாசனையோட. துலுக்கச் சாமந்தி.

புலிக்கால் முனிவர் விடிய விடிய மரம் மரமா ஏறியிருந்தாலும் இந்தப் பூவைப் பறிச்சிருக்க முடியாது. ஏன்னா இது மெக்சிகோ செடி.

பேர் ஒண்ணு, ஊர் ஒண்ணு

சங்க இலக்கியத்துல பூக்களுக்கு ஒரு பெரிய 'டேட்டாபேஸ்' உண்டு. கபிலரோட குறிஞ்சிப்பாட்டு. 99 பூக்கள் வரிசையா வரும். அதுல தில்லை இருக்கு, பாதிரியும் இருக்கு. துலுக்கச் சாமந்தி இருக்க வழியே இல்லை. கொலம்பஸ் 1492-ல கப்பல் ஏறுற வரைக்கும் இந்தச் செடி அட்லாண்டிக் கடலைத் தாண்டவே இல்லை.

மெக்சிகோவுல நாவா மக்கள் இதுக்கு வெச்ச பேர் செம்போவால்ஷோச்சித்ல். 'இருபது பூ' என்று அர்த்தம். இருபதுன்னா இங்க நிறைய, அடுக்கடுக்கான இதழ்கள். அஸ்டெக் மக்களோட வைத்தியத்தைப் பத்தி 1552-ல எழுதின சுவடியிலயே இது மருந்தா வருது. இன்னிக்கும் நவம்பர் முதல் வாரத்துல செத்தவங்களை நினைச்சுக் கும்பிடும் பண்டிகைக்கு, வீட்டு வாசல்லேருந்து படையல் வரைக்கும் இந்த இதழைத்தான் தூவுவாங்க. நாம ஆயுத பூஜைக்கு மெஷினுக்குப் போடறோம், கல்யாணப் பந்தலுக்குப் போடறோம், சாவு ஊர்வலத்துலயும் போடறோம். பதினஞ்சாயிரம் கிலோமீட்டருக்கு மேல இடைவெளி, ஒரே பூ, கிட்டத்தட்ட ஒரே வேலை.

ஸ்பெயின்காரங்க இதை ஐரோப்பாவுக்குக் கொண்டு போனாங்க. அங்கதான் பேர்க் குழப்பம் ஆரம்பிச்சது. 1542-ல ஃபுக்ஸ் என்ற ஜெர்மானியர் தன்னோட தாவரப் புத்தகத்துல இந்த இனத்தைப் படம் போட்டு, 'இந்திய' என்று அடைமொழி குடுத்தார். இங்கிலீஷ்காரங்க பெரிய பூவுக்கு 'ஆப்பிரிக்க' என்றும், சின்னப் பூவுக்கு 'ஃபிரெஞ்சு' என்றும் பேர் வெச்சாங்க. நாம 'துலுக்க' என்று வெச்சோம். துருக்கர் என்ற சொல்தான் தமிழ்ல துலுக்கர் ஆச்சு, கடல் தாண்டி வந்ததுன்னு சொல்ல அது ஒரு வழி. இந்தியா, ஆப்பிரிக்கா, ஃபிரான்ஸ், துருக்கி... மெக்சிகோவைத் தவிர எல்லா நாட்டுப் பேரும் வெச்சாச்சு :-)

வெளியிலேருந்து வந்த செடிகளுக்குத் தமிழன் வெச்ச ஸ்டிக்கர்கள் மொத்தமே மூணு நாலுதான். துலுக்க, சீமை, பரங்கி. சீமைச் சாமந்தின்னா நாட்டு மருந்துக் கடையில விக்கிற கெமோமைல். பரங்கிக்காயும் அமெரிக்கச் சரக்குதான். அந்தப் 'பரங்கி' சிதம்பரத்துலேருந்து கூப்பிடு தூரத்துல ஊராவே இருக்கு, பரங்கிப்பேட்டை. போர்ச்சுகீசியர் 16-ஆம் நூற்றாண்டுல வந்து வியாபாரம் செஞ்ச துறைமுகம். மிளகாய், முந்திரி, பப்பாளி, கொய்யா, அன்னாசி என்று அமெரிக்கச் செடிகள் பெரும்பாலும் போர்ச்சுகீசியர் கப்பல்லதான் இந்தியாவுக்கு வந்தது. சாமந்தியும் அப்படித்தான் வந்திருக்கும்னு பொதுவா ஏத்துக்கிறாங்க. இன்னிக்குப் பண்ருட்டி முந்திரி இல்லாம கடலூர் மாவட்டத்தை நினைச்சுப் பாக்க முடியுமா? அதுவும் பிரேசில்காரர்தான்.

நந்தவனத்துலேருந்து கொல்லைக்கு

ஒரு விஷயம் கவனிங்க. சிதம்பரம் கோயில்ல பிற்காலச் சோழர் காலத்துலயும் கோப்பெருஞ்சிங்கன் காலத்துலயும் வெட்டின கல்வெட்டுகள்ல நந்தவனத்துக்கு நிலம் விட்ட சேதி திரும்பத் திரும்ப வரும். நந்தவனத்துக்கு நிலம், அதுல வேலை செய்யறவங்க சாப்பாட்டுக்கு நிலம். அதாவது பூச்செடி வளர்க்கறது அன்னிக்கு ஒரு நிறுவனத்தோட வேலை. செடி பட்டுப் போனா மறுபடி பதியம் போட ஆள் உண்டு, அந்த ஆளுக்குக் கூலி உண்டு, கூலிக்குக் கல்வெட்டு உண்டு.

திருச்சியில செவ்வந்தி நாதர் (தாயுமானவர்) தலபுராணம் இதைவிட சுவாரசியம். சாரமா முனிவர் நாகலோகத்துலேருந்து செவ்வந்திச் செடி கொண்டுவந்து நந்தவனம் போட்டார், அந்தப் பூவை ஒருத்தன் திருடி ராஜாவுக்குக் குடுக்க, முனிவர் முறையிட, ராஜா கண்டுக்காம இருக்க, கடைசியில உறையூரே மண்ணுக்குள்ள போச்சு என்பது கதை. எனக்கு இதுல பிடிச்சது அந்த 'நாகலோகத்துலேருந்து' என்ற வார்த்தை. புராணம் எழுதினவங்களே செவ்வந்தி வேற எங்கிருந்தோ வந்ததுன்னு தயங்காம ஒத்துக்கறாங்க! தாவரவியல் சொல்றதும் அதேதான். இன்னிக்கு நாம செவ்வந்தி, சாமந்தின்னு சொல்ற பூவோட பூர்வீகம் சீனா பக்கம்.

பிறகு கம்பெனிக்காரங்க வந்தாங்க. 1690-ல கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியர்கிட்டேருந்து இங்கிலீஷ்காரங்க விலைக்கு வாங்கினாங்க. ஒப்பந்தம் என்ன தெரியுமா? கோட்டையிலேருந்து பீரங்கி சுட்டா குண்டு எவ்வளவு தூரம் போய் விழுதோ அதுவரைக்கும் நிலம் சொந்தம். அப்படி வந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பேர். நிலத்தைப் பீரங்கியால அளந்தாங்க. ஆனா செடி அப்படிப் பரவல. ஒரு குச்சி, ஒரு மடிப்பு விதை, ஒரு வேர்த்துண்டு என்று வீடு வீடா, கை மாறித்தான் பரவிச்சு. அதுக்குக் கல்வெட்டும் இல்லை, பத்திரமும் இல்லை.

கூம்புப்பூவும் கறிவேப்பிலையும்

சாமந்தியோட குடும்பம் ரொம்பப் பெரிசு. சூரியகாந்தி, ஜீனியா, காஸ்மாஸ், கேலார்டியா எல்லாம் பங்காளிங்க. இதுல நாம ஒரு 'பூ'ன்னு நினைக்கிறது உண்மையில ஒரு கூட்டம். சுத்தி இருக்கற ஒவ்வொரு இதழும் ஒரு தனிப் பூ, நடுவுல இருக்கற ஒவ்வொரு புள்ளியும் ஒரு தனிப் பூ. ஒவ்வொண்ணுக்கும் அதிகபட்சம் ஒரே விதை. அந்த நடுக்கூட்டம் தட்டையா இருந்தா சூரியகாந்தி. அதுவே கூம்பு மாதிரி மேல எழும்பினா கூம்புப்பூ, அதாவது எக்கினேசியா.

அமெரிக்காவுல இருக்கற நம்ம பதிவர்கள் வீட்டு வாசல்ல இதைப் பாத்திருப்பீங்க. ஊதா இதழ் கீழ தொங்கும், நடுவுல ஆரஞ்சு கலந்த முள்ளு முள்ளான கூம்பு நிக்கும். 1753-ல லின்னேயஸ் இதை ருட்பெக்கியா பர்ப்பூரியா என்று பதிவு பண்ணினார். 1794-ல மோயன்ச் என்ற ஜெர்மானியர், அந்த முள்ளைப் பாத்துட்டு, கிரேக்க மொழியில முள்ளெலிக்கு இருக்கற பேரை வெச்சு எக்கினேசியா ஆக்கினார்.

நம்மூருக்கும் இந்தச் செடிக்கும் ஒரு மெல்லிசான தொடர்பு உண்டு. லின்னேயஸோட மாணவர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக் 1768-ல தரங்கம்பாடி வந்து இறங்கினார். சிதம்பரத்துலேருந்து சீர்காழி தாண்டிப் போனா வர்ற அதே டேனிஷ்காரர் தரங்கம்பாடிதான். டாக்டர் வேலைக்கு வந்தவர், சோழமண்டலக் கரையில செடி பொறுக்க ஆரம்பிச்சார். அவர் பேரை லின்னேயஸ் ஒரு செடிக்கு வெச்சார். எந்தச் செடி? நம்ம கறிவேப்பிலை. அதோட தாவரவியல் பேர்ல இன்னிக்கும் 'கோனிகீ' இருக்கு. தினமும் தாளிக்கும்போது கோனிக்கை எண்ணெயில போட்டுக்கிட்டு இருக்கோம் :-)

எக்கினேசியாவோட மிச்ச கதை இன்னும் ஜோர். வட அமெரிக்கச் சமவெளிப் பழங்குடிகள் இதோட வேரைப் பாம்புக்கடி, பல்வலி, தொண்டைவலிக்கு உபயோகிச்சாங்க. 1880-கள்ல நெப்ராஸ்காவைச் சேர்ந்த மேயர் என்ற மருந்து வியாபாரி அதையே பாட்டில்ல அடைச்சு வித்தார். டாக்டர்கள் நம்பல. "நானே கிலுகிலுப்பைப் பாம்புகிட்ட கடி வாங்கிக் காட்டறேன்" என்று சவால் விட்டார். அவங்க வேண்டாம்னுட்டாங்க. அப்புறம் 1930-கள்ல ஜெர்மனியிலேருந்து மடாவுஸ் என்ற மருந்துத் தயாரிப்பாளர் அமெரிக்கா போய், மேயர் பயன்படுத்தின ஒல்லி இலை ஜாதி விதையைக் கேட்டு வாங்கிட்டு வந்தார். ஜெர்மனியில முளைச்சது வேற ஜாதி, அகல இலை ஊதாப்பூ! சரி, வந்தது வந்ததுன்னு அதையே வளர்த்து ஆராய்ச்சி பண்ணினாங்க. அதனாலதான் அதுக்கப்புறம் ஐரோப்பாவுல நடந்த ஆராய்ச்சியில பெரும்பங்கு அந்த அகல இலை ஜாதி மேல. ஒரு விதைப் பொட்டலம் மாறிப் போனதுல ஒரு மருந்தோட வரலாறே மாறிச்சு.

கடலூர்ல இதை வளர்க்கலாமான்னு கேட்டா, முளைக்க வைக்கலாம். ஈர மணல்ல விதையைக் கலந்து, டப்பாவுல போட்டு, ஃப்ரிட்ஜ்ல நாலு வாரம் வெக்கணும். விதை "குளிர்காலம் முடிஞ்சிருச்சு"ன்னு நம்பி எழுந்திருக்கும். வளர்ந்த செடியை மூணு நாலு வருஷத்துக்கு ஒரு தடவை தோண்டி, வேரோட தூரைப் பிரிச்சு நடறது இன்னொரு வழி. சிக்கல் அதுக்கப்புறம்தான். வருஷா வருஷம் பனியில இலையெல்லாம் உதிர்த்துட்டு, மண்ணுக்குள்ள தூங்கி எழுந்து பழகின செடி இது. பெரும்பாலும் ரெண்டாவது வருஷம்தான் நல்லாப் பூக்கும். நம்மூர்ல அதுக்கு ஏது பனி? மார்கழியிலயே வேர்க்குது. அதோட ஐப்பசி மழையில தூர் அழுகாமத் தப்பிக்கணும். அதனாலதான் மெக்சிகோ பங்காளி இங்க வீடு வீடாக் குடியேறிட்டார், சமவெளிப் பங்காளி ஹோமியோபதிக் கடையில சின்ன பாட்டிலோட நின்னுட்டார்.

எது நம்ம பூ?

இப்பத்தான் நான் சொல்ல வந்த மேட்டருக்கு வர்றேன். "இது நம்ம செடி, அது அந்நியச் செடி" என்ற சண்டை அடிக்கடி நடக்குது. சீமைக் கருவேலத்தைப் பாத்த யாருக்கும் அந்தக் கோபத்துல நியாயம் இருக்குன்னு தெரியும். ஆனா பூச்செடி விஷயத்துல பிறந்த ஊரை மட்டும் பாத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. தில்லை இந்த மண்ணுல பிறந்தது. ஊருக்கே பேர் குடுத்தது. அதை யாரும் வீட்ல பதியம் போடல. (அதோட பால் கண்ணுல பட்டா கண்ணுக்கே ஆபத்து, அதனால போடவும் முடியாது.) அது நம்பி இருந்தது உப்பங்கழிச் சேத்தை. சேறு இருக்கற பிச்சாவரத்துல அது இருக்கு, ஊருக்குள்ள இல்லை. சாமந்திக்கு ஊர்ல சேறும் கிடையாது, காடும் கிடையாது. தானா முளைச்சுக் காடாப் பரவறதும் இல்லை. ஒவ்வொரு வருஷமும் யாரோ ஒருத்தர் காஞ்ச பூவை எடுத்து வெச்சுத்தான் 400 வருஷத்துக்கு மேல ஓடியிருக்கு. நடுவுல ஒரு தலைமுறை விட்டிருந்தாலும் அந்தக் கொல்லையில சங்கிலி அறுந்திருக்கும். நான் பாக்கற வரைக்கும், ஒரு செடியை நம்ம செடி ஆக்கறது அந்தச் சங்கிலிதான்.

அந்தச் சங்கிலிதான் இப்ப அறுந்துக்கிட்டு இருக்கு.

இன்னிக்கு நர்சரியில பூத்துக் குலுங்கற தொட்டியா வாங்கறோம். ரெண்டு மாசம் கண்ணுக்கு அழகு, அப்புறம் குப்பை, அடுத்த சீசனுக்கு மறுபடி தொட்டி. அதுல நிறைய ஹைபிரிட். அப்பா செடி, அம்மா செடி ரெண்டையும் தனித்தனியா வெச்சு ஒவ்வொரு தடவையும் புதுசாக் கலந்து எடுக்கற விதை. அதுலேருந்து நீங்க விதை எடுத்துப் போட்டா அடுத்த தலைமுறை ஒண்ணு நெட்டை, ஒண்ணு குட்டை, ஒண்ணு ஒத்தை இதழ்னு கலைஞ்சு போகும். நம்ம பாஷையில சொன்னா, வருஷா வருஷம் லைசென்ஸ் புதுப்பிக்கணும். பாட்டி முந்தானையில முடிஞ்சு வெச்ச நாட்டு விதை ஓப்பன் சோர்ஸ். யார் வேணும்னாலும் காப்பி எடுக்கலாம், பக்கத்து வீட்டுக்குக் குடுக்கலாம்.

"சரிப்பா, ஒரு பூவுக்கு இவ்வளவு பில்டப்பா?" என்று கேக்கலாம். 2011 டிசம்பர் 30 காலையில 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரை ஏறினதை நினைச்சுப் பாருங்க. முந்திரியும் பலாவும் வேரோட சாஞ்சுது. ஒரு பலா மறுபடி காய்க்க வருஷக்கணக்கு ஆகும். 2004 சுனாமி, 2015 வெள்ளம் என்று இந்த ஊர் வாங்கின அடி ஒண்ணு ரெண்டில்லை. இப்படி எல்லாம் போன வீட்டு வாசல்ல ரெண்டே மாசத்துல திரும்ப நிறம் கொண்டு வரக்கூடியது எது? அரிசிப் பானைக்குப் பக்கத்துல காகிதத்துல மடிச்சு வெச்ச ஒரு பிடி சாமந்தி விதை. நம்ம வீட்டு மடிப்பு நனைஞ்சு போச்சா, நாம போன வருஷம் விதை குடுத்த வீட்ல ஒரு மடிப்பு இருக்கும். பேக்கப் எடுக்கறது எதுக்குன்னு சர்வர் படுத்த அன்னிக்குத்தான் தெரியும்னு நம்ம ஆபீஸ்ல சொல்வோமே, அதேதான்.

கை வேலை

செய்யறது ரொம்ப சுலபம். பூவைச் செடியிலயே காய விடுங்க. அடிப்பக்கம் பழுப்பாக் காஞ்சதும் பறிச்சு, நிழல்ல நாலு நாள் போடுங்க. பிரிச்சா உள்ள ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் வெளுப்பா ஊசி ஊசியா இருக்கும். அதான் விதை. மெலிசா மண்ணைத் தூவி மூடினா ஒரு வாரத்துக்குள்ள முளைக்கும். மூணு நாலு வாரத்துல நாத்தைப் பிடுங்கி நடலாம். நட்ட ஒரு மாசத்துல நுனியைக் கிள்ளுங்க, பக்கக் கிளை வெடிச்சு நிறையப் பூக்கும். கிள்ளின நுனியைத் தூக்கிப் போடாதீங்க. ஈர மணல்ல குத்தி வெச்சா வேர் விட்டு அச்சு அசலா அதே செடி வரும். ஹைபிரிட்டைக்கூட இப்படிக் கொஞ்ச நாள் இழுக்கலாம். செவ்வந்திக்கு விதை வேண்டாம், பூத்து ஓய்ஞ்சதும் தூர்ல கிளம்பற பக்கக் கன்றைப் பிரிச்சு நட்டாப் போதும். சம்பங்கி (இவரும் மெக்சிகோதான்) கிழங்கைப் பிரிச்சு நடணும்.

ஊருக்கு ஊர் ஒரு வித்தியாசம் உண்டு. கடலூர்க் கரையோரம் மணல் பூமி, தண்ணி நிக்காது, குச்சி சீக்கிரம் வேர் விடும், ஆனா ஒரு நாள் தண்ணி ஊத்த மறந்தா போச்சு. சிதம்பரம் பக்கம் வீராணம், கொள்ளிடம் பாசனக் களிமண். ஐப்பசி கார்த்திகையில தண்ணி தேங்கி வேர் அழுகும். அங்க மண்ணைக் கொஞ்சம் மேடாக் குவிச்சு, மணல் கலந்து, அதுல நாத்து விடுங்க. அடுத்த போகத்துக்கு அதே இடத்துல கத்திரியோ தக்காளியோ போடுங்க. மண்ணுல இருக்கற நூற்புழுவைச் சாமந்தி வேர் கட்டுப்படுத்தி வெச்சிருக்கும். வாடகையே குடுக்காம இத்தனை வருஷம் குடியிருந்தார்னு சொல்ல முடியாது.

விதையை எடுத்ததும் ரெண்டு பங்கா மடிங்க. ஒண்ணு நமக்கு. இன்னொண்ணு எதிர் வீட்டுக்கு. மேல பேனாவுல பேரும் வருஷமும் எழுதிடுங்க, மடாவுஸ் கதை ஆகிடக் கூடாது பாருங்க :-)

கொசுறு: சின்ன வயசுல "தாத்தா தாத்தா"ன்னு ஏதோ பாடிக்கிட்டே காம்பைச் சுண்டி, பூவோட தலையைப் பறக்க விடுவோமே, அந்தத் தாத்தாப்பூ (வெட்டுக்காயப் பூண்டு) ஞாபகம் இருக்கா? அதுவும் இதே குடும்பம்தான். அதுவும் அமெரிக்கக் கண்டத்துலேருந்து வந்ததுதான். அதை யாரும் விதைக்கவும் இல்லை, பதியம் போடவும் இல்லை. பஞ்சு கட்டின விதையோட காத்துல பறந்தே தமிழ்நாடு பூரா பிடிச்சிருச்சு. மீதிப் பேருக்கெல்லாம் நம்ம கைதான் காத்து.